டெண்டர் கிடைத்தால் போதுமா? வடசென்னைப் பட்டறைகளும் அரசு ஆர்டர்களும்

வடசென்னையில் ஒரு பட்டறைக்காரரிடம் அரசாங்க ஆர்டர் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் வரும். "அதெல்லாம் பெரிய ஆளுங்களுக்குத்தான் சார்" என்பார். இல்லையென்றால், "ஒரு தடவை எடுத்தேன், காசு வர்றதுக்குள்ள உசுரு போயிடுச்சு" என்பார். மத்திய, மாநில அரசுகள் சிறு தொழில்களுக்குக் கொடுத்திருக்கும் சலுகைகளில் பெரும்பாலானவை முதல் ஆளுக்கானவை. இரண்டாவது ஆள் சொல்வதை யாரும் சரியாகக் காதில் வாங்குவதில்லை. ஆனால் இந்த விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. சரக்கைக் கொடுத்த நாளுக்கும் பணம் கணக்கில் விழும் நாளுக்கும் இடையில் பட்டறை கவிழாமல் நிற்க வழி செய்யாமல், டெண்டர் போட மட்டும் சொல்லிக் கொடுப்பது அரைகுறை உதவிதான்.

முதலில் ஊரைப் பார்ப்போம். பெரம்பூரில் 1955-ல் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., பக்கத்திலேயே ரயில்வேயின் கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ். கடற்கரைப் பக்கம் சென்னைத் துறைமுகம். மணலிக்குப் போனால் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலையும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸும். எண்ணூரைத் தாண்டினால் காமராஜர் துறைமுகம், வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம். இவை போக ஸ்டான்லி மருத்துவமனை, குடிநீர் வாரியம், மின்வாரியம், அப்புறம் திருவொற்றியூரில் இருந்து திரு.வி.க. நகர் வரைக்குமான மாநகராட்சி மண்டலங்கள். இத்தனை பெரிய அரசு வாடிக்கையாளர்கள் இவ்வளவு நெருக்கமாக அமைந்த பகுதிகள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. அதே ஊரில்தான் வியாசர்பாடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டும், கொடுங்கையூர், மூலக்கடை, கத்திவாக்கம் பக்கத்து லேத் பட்டறைகளும், ஷீட் மெட்டல், ஃபேப்ரிகேஷன், ரப்பர் வேலைக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் நடுவில் ஒரு பெரிய காண்டிராக்டர் நிற்கிறார். ஆர்டர் அவர் பெயரில் வருகிறது, அதே பொருளைச் செய்து கொடுக்கும் பட்டறைக்குப் போய்ச் சேருவது ஜாப் ஒர்க் கூலி. பல வருடம் ரயில்பெட்டிக்கு பிராக்கெட் அடித்துக் கொடுத்தும், ரயில்வேயின் பதிவேட்டில் தன் பெயரே இல்லாத பட்டறைகள் இருப்பது இதனால்தான்.

இந்த நிலையை மாற்றத்தான் சட்டத்தில் சில கதவுகள் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரியது மத்திய அரசின் பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை, 2012. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-ன் கீழ் வந்தது. மத்திய அமைச்சகங்களும், துறைகளும், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் வருடத்தில் வாங்கும் பொருள், சேவையில் குறைந்தது 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். ஆரம்பத்தில் இது 20 சதவீதம், 2018-ல் 25 ஆக உயர்த்தினார்கள். அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கும், 3 சதவீதம் பெண்களுக்கும் என்று உள் ஒதுக்கீடு உண்டு. இந்த 4 சதவீதத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தகுதியான ஆள் டெண்டரில் கலந்துகொள்ளவில்லை என்றால் அந்தப் பங்கு மற்ற சிறு தொழில்களுக்குப் போய்விடும், அடுத்த வருடத்துக்கு என்று காத்திருக்காது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் இந்த ஒதுக்கீட்டுக்கு உரியவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் இப்படி ஒன்று இருப்பதே அவர்களில் பலருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்பது வேதனையான விஷயம்.

இதே ஆணையில் வேறு சலுகைகளும் உண்டு. டெண்டர் படிவத்துக்குப் பணம் கட்ட வேண்டாம், இ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். 358 பொருட்களைக் குறு, சிறு தொழில்களிடம் மட்டுமே வாங்க வேண்டும், துடைப்பத்தில் இருந்து ஸ்டீல் அலமாரி வரை அந்தப் பட்டியலில் இருக்கிறது. பெரிய கம்பெனி ஒன்று எல்-1 ஆக, அதாவது குறைந்த விலை சொன்னவராக வந்து, நம்முடைய விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், "எல்-1 விலைக்கு நீங்கள் இறங்கி வரத் தயாரா?" என்று நம்மைக் கேட்க வேண்டும். சரி என்றால் மொத்த ஆர்டரில் 25 சதவீதம் வரை நமக்கு. அவர்கள் 100 ரூபாய் போட்டு நாம் 113 போட்டிருந்தால், நாமும் 100-க்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நம் அடக்கமே 105 என்றால் அந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு விலகி வருவதுதான் புத்திசாலித்தனம். ஆர்டர் கைக்கு வந்த சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டு, அப்புறம் ஒவ்வொரு பீஸுக்கும் ஐந்து ரூபாய் கைக்காசு போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்த 25 சதவீதக் கொள்கை மத்திய அரசு சார்ந்தது. மாநகராட்சியோ, குடிநீர் வாரியமோ, மின்வாரியமோ இதற்குள் வராது. அவற்றுக்குத் தமிழ்நாடு டெண்டர்களில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ம், அதன் 2000-ம் ஆண்டு விதிகளும்தான் அடிப்படை, சிறு தொழிலுக்கான சலுகைகளும் அவற்றில் தனியாக இருக்கின்றன. மத்தியக் கொள்கையில்கூடக் கட்டுமான ஒப்பந்தங்களுக்கு இடமில்லை, பொருளுக்கும் சேவைக்கும் மட்டும்தான். வெறும் வாங்கி விற்கும் வியாபாரிக்கும் இல்லை. மழைநீர்க் கால்வாய் கட்டும் டெண்டருக்கு, சிறு தொழிலாகப் பதிவு செய்ததற்கான உத்யம் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு போய் "எனக்கு இ.எம்.டி. விலக்கு" என்று வாதாடி, கவரைத் திறந்ததுமே வெளியே போனவர்கள் உண்டு. எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்பதை முதலிலேயே பார்த்துக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

உத்யம் பதிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பட்டறைகள் சத்தமில்லாமல் தோற்றுப்போவது இங்கேதான். 2020 ஜூலை முதல் இருக்கும் இந்தப் பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். ஆனால் நிறையப் பேர் இதைப் பிரவுசிங் சென்டரில் முன்னூறோ ஐந்நூறோ கொடுத்துப் போட்டிருப்பார்கள். உட்கார்ந்து டைப் அடிக்கும் தம்பிக்குப் பட்டறையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. "என்ன வேலைண்ணே?" என்று கேட்பார், "ஸ்டீல் ஐட்டம்தாம்பா" என்று இவர் சொல்வார், அவர் தேசியத் தொழில் வகைப்பாட்டுக் குறியீட்டில் 46-ல் தொடங்கும் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவார். 46 என்றால் மொத்த வியாபாரம், 47 சில்லறை வியாபாரம். உலோகப் பொருள் செய்கிறவருக்கு 25-ல் தொடங்கும் குறியீடு வர வேண்டும். சான்றிதழைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும், பெயர் இருக்கும், முகவரி இருக்கும், "மைக்ரோ" என்று இருக்கும். ஆனால் டெண்டரை மதிப்பிடும் அதிகாரி குறியீட்டைத்தான் பார்ப்பார். காகிதத்தில் இவர் வியாபாரி, வியாபாரிக்கு இ.எம்.டி. விலக்கு கிடையாது, இ.எம்.டி. கட்டவில்லை, டெக்னிக்கல் பிட், அதாவது டெண்டரின் தகுதி விண்ணப்பம், தள்ளுபடி. மூன்று லேத், ஒரு மில்லிங் மெஷின் வைத்துக்கொண்டு ஆறு பேருக்கு வேலை கொடுக்கிற மனிதர், கணினித் திரையில் ஒரு தப்பான தேர்வால் உற்பத்தியாளர் இல்லை என்று ஆகிவிடுகிறார். இதைத் திருத்துவது சிரமமே இல்லை, அதே இணையதளத்தில் போய் மாற்றலாம், அதற்கும் கட்டணம் இல்லை. உங்கள் சான்றிதழை இன்றைக்கே எடுத்து அந்த எண்ணை ஒருமுறை பாருங்கள்.

அதே போல டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். டெண்டருக்கு கிளாஸ்-3 வகை டோக்கன் வேண்டும். அதை வாங்கிக் கொடுத்த ஏஜென்டிடமோ ஆடிட்டர் ஆபீஸிலோ பாஸ்வேர்டோடு விட்டு வைத்திருப்பது நம் ஊரில் சாதாரண வழக்கம். அது உங்கள் கையெழுத்து, செக் புத்தகத்தில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு இன்னொருவரிடம் கொடுத்து வைப்பீர்களா? டோக்கன் உங்கள் பீரோவில் இருக்கட்டும்.

அடுத்து டெண்டரைப் படிப்பது. ரயில்வேக்கு ஐரெப்ஸ், மத்திய அரசின் பொதுச் சந்தையாக 2016-ல் வந்த ஜெம், மாநில அரசுக்குத் தனி டெண்டர் தளம் என்று எல்லாமே இணையத்தில் இருக்கிறது, எல்லாமே பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஐ.சி.எஃப். வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரைபட எண்ணுக்குப் பக்கத்தில் "ஆல்ட்" என்று போட்டு ஓர் எழுத்து இருக்கும். வரைபடம் எத்தனை முறை திருத்தப்பட்டது என்பதைச் சொல்லும் எழுத்து அது. பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் பழைய பிரிண்டில் 'ஏ' இருக்கும், டெண்டரில் 'சி' கேட்டிருப்பார்கள். ஒரு துளையின் இடம் நான்கு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கலாம், பழைய 'ஏ'-வைப் பார்த்துச் செய்த சரக்கு முழுக்க இன்ஸ்பெக்‌ஷனில் திரும்பி வரும். வேலை தெரிந்த மேஸ்திரிக்கு வரைபடத்தைப் படிக்கத் தெரியும், டெண்டர் ஷரத்தைப் படிக்கத் தெரியாது. ஷரத்தைப் படிக்கத் தெரிந்த ஏஜென்டுக்கு வரைபடம் புரியாது. இந்த இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்காராமல் விலை போடக் கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

படிக்கும்போது நான் முதலில் தேடச் சொல்வது விலைப் பகுதியை இல்லை. எந்த இடத்தில் இன்ஸ்பெக்‌ஷன், யார் செய்வார்கள், பணம் எப்போது, தாமதமானால் எவ்வளவு பிடிப்பார்கள், இந்த நான்கும்தான். தாமதத்துக்குப் பொதுவாக வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம் வரை பிடிக்கிறார்கள். முன் அனுபவம், டர்ன்ஓவர் கேட்டிருந்தால் உடனே மனம் தளர வேண்டாம், தரமும் தொழில்நுட்ப அளவீடும் சரியாக இருக்கும்பட்சத்தில் சிறு தொழில்களுக்கு இவற்றைத் தளர்த்தலாம் என்று 2016-லேயே மத்திய அரசு சொல்லியிருக்கிறது. தளர்த்தலாம் என்றுதான், தளர்த்தியே ஆக வேண்டும் என்று இல்லை. அதனால் அந்தக் குறிப்பிட்ட டெண்டரில் தளர்வு கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ரயில் உதிரிப்பாகங்களில் அங்கீகரிக்கப்பட்ட வெண்டார்களுக்குத்தான் பெரும்பங்கு போகும், புதியவர்கள் சிறிய டெவலப்மென்ட் ஆர்டரில் இருந்து தொடங்கி மேலே வர வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் வழி உண்டு.

இப்போது பணம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் எல்லாம் எளிமைக்காக வைத்துக்கொண்டவை. பத்து லட்சத்துக்கு ஸ்டீல் பிராக்கெட் ஆர்டர். மெட்டீரியல் 6 லட்சம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1.08 லட்சம், இதை வாங்கும்போதே கொடுத்தாக வேண்டும். கூலி, கரண்ட், பிளேட்டிங், வண்டி வாடகை 2.5 லட்சம். இ.எம்.டி.க்குத்தான் விலக்கு, ஆர்டர் கிடைத்த பிறகு கட்டும் செக்யூரிட்டி டெபாசிட்டுக்கு இந்த ஆணையில் விலக்கு இல்லை, 5 சதவீதம் என்று வைத்தால் 50 ஆயிரம். பில் போட்டால் ஜி.எஸ்.டி. சேர்த்து 11.8 லட்சம். அந்த 1.8 லட்சம் வரியில் ஏற்கெனவே கட்டிய 1.08 லட்சம் போக மீதி 72 ஆயிரத்தை, மாதக் கணக்கு தாக்கல் செய்பவர் என்றால், அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அரசாங்கம் உங்களுக்குப் பணம் கொடுத்ததா இல்லையா என்று அந்தத் தேதி பார்க்காது. ஆக, ஒரு ரூபாய் உள்ளே வருவதற்கு முன்பு 10.8 லட்சம் வெளியே போயிருக்கிறது. லாபம் எவ்வளவு? 1.5 லட்சம். அந்த 10.8 லட்சத்தை மாதம் இரண்டு வட்டிக்கு வெளியில் புரட்டியிருந்தால் மாதத்துக்கு 21,600. இரண்டு மாதத்தில் பணம் வந்தால் லாபத்தில் 43 ஆயிரம் போகும், தாங்கிக்கொள்ளலாம். ஏழாவது மாதம் முடியும்போது வட்டி 1,51,200. டெண்டரை ஜெயித்து, தரமாகச் செய்து, நேரத்துக்குக் கொடுத்து, கடைசியில் நஷ்டம்.

"காசு வர்றதுக்குள்ள உசுரு போயிடுச்சு" என்று அவர் சொன்னது இதைத்தான். மேலே உள்ள கணக்கில் பில் பணத்தில் இருந்து ஜி.எஸ்.டி.க்கான டி.டி.எஸ். 2 சதவீதம் பிடிப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் இது உண்டு. அந்த 20 ஆயிரம் தொலைந்து போகாது, உங்கள் ஜி.எஸ்.டி. ரொக்கக் கணக்கில் வந்து உட்காரும். ஆனால் தளத்தில் நீங்கள் போய் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் வருடக்கணக்கில் அங்கேயே விட்டு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பணத்துக்கும் சட்டம் இருக்கிறது, அது பலமான சட்டம். மேலே சொன்ன 25 சதவீதக் கொள்கை மாநில அமைப்புகளைக் கட்டாது என்றேன், ஆனால் 2006-ம் ஆண்டுச் சட்டத்தின் பணம் கொடுக்கும் பிரிவுகள் குறு, சிறு தொழிலிடம் பொருள் வாங்கும் எல்லோரையும் கட்டும், மத்தியம், மாநிலம், தனியார் என்ற வித்தியாசம் இல்லை. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளில் இருந்து அதிகபட்சம் 45 நாட்கள், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்கள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. ஏற்றுக்கொண்ட நாள் எது என்பதில்தான் எல்லாச் சண்டையும். "இன்னும் இன்ஸ்பெக்‌ஷன் ஆகலை" என்று இழுப்பார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்றால், சரக்கு வந்து 15 நாட்களுக்குள் குறை இருப்பதாக எழுத்தில் தெரிவிக்கவில்லை என்றால், சரக்கு வந்து இறங்கிய நாளையே ஏற்றுக்கொண்ட நாளாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் டெலிவரி செலான் என்பது வெறும் துண்டுச்சீட்டு இல்லை. வண்டி ஸ்டோர்ஸ் வாசலில் நிற்கும்போதே தேதி, சீல், வாங்கியவர் பெயர், கையெழுத்து நான்கும் செலானில் விழ வேண்டும். டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு "நாளைக்கு வாங்கிக்கலாம்" என்று விடும் செலான்தான் பின்னால் கழுத்தை அறுக்கும்.

பணம் வராவிட்டால் தாமதப் பாக்கிக்கான மத்திய அரசின் இணையதளத்தில் புகார் போடலாம், அது இந்தப் பாக்கிச் சண்டைகளைத் தீர்க்கும் அந்தப் பகுதி வசதியாக்கக் குழுமத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை என்று நான்கு குழுமங்கள். 90 நாட்களில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதிகம் இழுக்கும். ஆனால் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்துவிட்டால், அதை எதிர்த்து வழக்குப் போட நினைக்கும் துறை 75 சதவீதத் தொகையை முதலில் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். இது சாதாரணப் பிடி இல்லை. உத்யம் பதிவு ஆர்டர் வாங்குவதற்கு முன்பே இருக்க வேண்டும், பிரச்சினை வந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு அது உதவாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது.

இவ்வளவு பலமான சட்டத்தை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை? பயம். "அவங்க மேலேயே கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் வருமா?" இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பிப் பிழைக்கும் ஆளுக்கு அது நியாயமான பயம். அதனால் சண்டைக்குப் போகாமலே பணத்தைப் பெறும் வழிகளை முதலில் பிடிக்க வேண்டும். அதில் பில்லை வைத்து முன்கூட்டியே பணம் பெறும் இணையத் தளமான ட்ரெட்ஸ் ஒன்று. வாங்கிய நிறுவனம் உங்கள் பில்லை அந்தத் தளத்தில் ஒப்புக்கொண்டால், வங்கிகள் அதன் மேல் போட்டி போட்டு வட்டி சொல்லும், குறைந்த வட்டிக்காரர் உங்களுக்கு உடனே பணம் தந்துவிடுவார், அப்புறம் வசூலிப்பது அவர் பாடு. வாங்கியவர் கட்டவில்லை என்றாலும் உங்கள் கழுத்தில் கைவைக்க முடியாது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும், 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகளும் இதில் சேர்ந்தாக வேண்டும் என்பது விதி. எனவே விலை போடும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி, "இந்த நிறுவனம் ட்ரெட்ஸில் பில்லை ஒப்புக்கொள்கிறதா?" என்பது. மாதம் இரண்டு வட்டிக்கும் வங்கி வட்டிக்கும் உள்ள வித்தியாசம்தான் மேலே போட்ட கணக்கில் லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இன்னும் காண்டிராக்டரிடம் ஜாப் ஒர்க் செய்துகொண்டிருப்பவர்களுக்கும் ஒரு பிடி வந்திருக்கிறது. 2023-24 நிதியாண்டில் இருந்து, குறு, சிறு தொழிலுக்கு மேலே சொன்ன காலக்கெடுவுக்குள் பணம் கொடுக்காதவர் அந்தச் செலவை அந்த வருட வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது, எப்போது பணம் கொடுக்கிறாரோ அப்போதுதான். மார்ச் மாதத்தில் காண்டிராக்டரின் ஆடிட்டரே உங்கள் உத்யம் எண்ணைக் கேட்டு போன் செய்வது இதனால்தான், தயங்காமல் கொடுங்கள்.

உதவி செய்ய நினைப்பவர்கள் என்ன செய்யலாம்? கிண்டியில் மாநிலத் தொழில் வணிகத் துறை அலுவலகம், குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய எம்.எஸ்.எம்.இ. அலுவலகம், இவை தவிர தேசிய சிறு தொழில் கழகமான என்.எஸ்.ஐ.சி. என்று அலுவலகங்கள் இருக்கின்றன, பயிற்சி வகுப்புகள் நடத்துகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் பட்டறையை மூடிவிட்டு எண்ணூரில் இருந்து கிண்டி போய் ஒருநாள் முழுக்க உட்காரும் வசதி இரண்டு ஆள் பட்டறைக்கு இல்லை. பயிற்சி முடிந்து வந்ததும் ஸ்லைடில் பார்த்தது மறந்துவிடும், டெண்டர் வரும்போது யாரும் கூட இருக்க மாட்டார்கள். வேண்டியது எஸ்டேட்டிலேயே ஒரு மேஜை. வியாசர்பாடியிலோ கத்திவாக்கத்திலோ இருபது முப்பது பட்டறைகள் சேர்ந்து, ஆங்கிலமும் கணினியும் கணக்கும் தெரிந்த ஒரு பிள்ளையைச் சம்பளத்துக்கு வைத்தால் ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஆகலாம். அந்தப் பிள்ளை காலையில் ஐரெப்ஸ், ஜெம், மாநிலத் தளம் மூன்றையும் பார்த்து, யாருடைய மெஷினுக்கு எது பொருந்தும் என்று வாட்ஸ்அப்பில் போட வேண்டும், ஷரத்தைத் தமிழில் விளக்க வேண்டும், திருத்த அறிவிப்புகளைக் கவனிக்க வேண்டும், கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே ஏற்றிவிட வேண்டும். மாநில டெண்டர்களில் இரண்டு கோடி வரை குறைந்தபட்ச அவகாசமே 15 நாட்கள்தான், கடைசி நாளில் சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதே மேஜையில் இன்னொரு நோட்டும் இருக்க வேண்டும். எந்த அலுவலகம் எத்தனை நாளில் பில்லைப் பாஸ் செய்தது, எந்த இடத்தில் எந்தக் காரணத்துக்குச் சரக்கு திரும்பியது, யாருடைய பிட் எதனால் தள்ளுபடி ஆனது என்று. தோற்ற டெண்டரின் காரணத்தைக் கேட்டு வாங்க உரிமை இருக்கிறது, மாநில டெண்டராக இருந்தால் உத்தரவு கிடைத்த 10 நாட்களுக்குள் மேல்முறையீடும் செய்யலாம். இன்றைக்கு இந்தத் தகவல் எல்லாம் ஒவ்வொரு பட்டறைக்காரரின் தலைக்குள்ளும் தனித்தனியாகக் கிடக்கிறது. பெரிய காண்டிராக்டருக்கு எந்த ஆபீஸில் நாற்பது நாளில் பணம் வரும், எங்கே எட்டு மாதம் ஆகும் என்று தெரியும், அதற்குத் தகுந்த மாதிரி அவர் விலையில் வட்டியை ஏற்றி வைப்பார். சிறிய பட்டறைக்காரர் அது தெரியாமல் இரண்டு இடத்துக்கும் ஒரே விலை போடுகிறார். அந்த நோட்டைச் சங்கத்தில் இருந்து யார் வேண்டுமானாலும் தொடங்கலாம், முதல் பக்கத்துக்குத் தேவையானது உங்களிடம் இருக்கும் பழைய ஆர்டர்களின் செலான் தேதியும், அவற்றுக்குப் பணம் வந்த பேங்க் பாஸ்புக் தேதியும் மட்டும்தான்.